உங்க பாலிசியில 'நியூக்ளியர்'னு தேடிப் பாருங்க: ஓ.எம்.ஆர். ஃபிளாட்டுக்கும் ஜவ்வாது மலை வீட்டுக்கும் ஒரு கணக்கு



ஒரு சின்ன வேலை. உங்க ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசி மெயில்ல எங்கேயாவது கிடக்கும். அந்த பி.டி.எஃப்.-ஐத் திறந்து 'நியூக்ளியர்'ங்கற வார்த்தையைத் தேடுங்க. அடுத்து பைக் அல்லது கார் பாலிசியில தேடுங்க. ஹோம் லோன் வாங்கும்போது பேங்க் எடுக்கச் சொன்ன வீட்டு இன்ஷூரன்ஸ்லயும் தேடுங்க.

பெரும்பாலும் மூணுலயும் அந்த வார்த்தை இருக்கும். மூணுலயும் ஒரே தலைப்புக்குக் கீழதான் இருக்கும்: எக்ஸ்க்ளூஷன்ஸ். அதாவது, 'இதுக்கு நாங்க பணம் தர மாட்டோம்' பட்டியல்.

இன்னைக்கு நாம பேசப் போறது அந்த ஒரு வரியைப் பத்திதான். ஒரு ரிஸ்க் எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுக்க நிறைய அறிக்கை படிக்க வேண்டியதில்ல. அந்த ரிஸ்க்கை விலைக்கு வாங்க இன்ஷூரன்ஸ் கம்பெனி தயாரா இருக்கான்னு பார்த்தாலே பாதி விஷயம் புரிஞ்சிடும்.

முதல்ல உங்களை ஒரு இடத்துல வைப்போம்

உங்க சொந்த ஊர் ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பக்கம்னு வச்சுக்கோங்க. திருவண்ணாமலை மாவட்டம். வீட்டுல சாமை போடுறாங்க, நாலு ஆடு இருக்கு, புளிய மரம், பலா மரம் இருக்கு, சீசனுக்குத் தேன் வரும். நீங்க படிச்சு முடிச்சு சிறுசேரி சிப்காட்ல வேலைக்குச் சேர்ந்துட்டீங்க. ஓ.எம்.ஆர்.ல 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட். அதுல 48 லட்சம் லோன், 20 வருஷம், 8.5% வட்டி. மாச இ.எம்.ஐ. சுமார் 41,650 ரூபாய்.

இப்ப மேப்பைத் திறங்க. கல்பாக்கம் அணுமின் நிலையத்துல இருந்து சிறுசேரி நேர்கோட்டுல சுமார் 30 கி.மீ. அதே கல்பாக்கத்துல இருந்து நேர் மேற்கே கோடு போட்டா, சுமார் 140 கி.மீ.ல ஜவ்வாது மலை வந்துடும்.

உங்களை பயமுறுத்த இதைச் சொல்லல. கல்பாக்கம் பத்தின நல்ல விஷயமும் கீழ வருது. ஆனா உங்க சொத்து, உங்க வேலை, உங்க கடன் மூணும் ஒரே வட்டத்துக்குள்ள இருக்குன்னா, அந்த வட்டத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கறது நல்லது.

எந்த பாலிசி என்ன சொல்லுது?

வீடு: 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் தர்ற ஸ்டாண்டர்ட் வீட்டு பாலிசி 'பாரத் கிருஹ ரக்ஷா'. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் உள்ள வரும். அணு எரிபொருள், அணுக்கழிவு இதுல இருந்து வர்ற கதிர்வீச்சும் மாசும் வெளிய.

வண்டி: மோட்டார் பாலிசியோட பொது விலக்குகள்ல இதே விஷயம் இருக்கும்.

ஹெல்த்: பெரும்பாலான பாலிசியில அணு, ரசாயன, உயிரியல் தாக்குதல் சம்பந்தமான சிகிச்சை விலக்கப்பட்டிருக்கும். வார்த்தை கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அதனாலதான் உங்க பாலிசியை நீங்களே படிக்கணும்னு சொல்றேன்.

டேர்ம் இன்ஷூரன்ஸ்: இங்க மட்டும் கொஞ்சம் நல்ல செய்தி. பொதுவா டேர்ம் பாலிசியில இருக்கற பெரிய விலக்கு, முதல் 12 மாசத்துக்குள்ள தற்கொலை மட்டும்தான். ஆனா அதோட சேர்த்து எடுக்கற ஆக்ஸிடென்ட் ரைடர்ல அணுக்கதிர் விலக்கு மறுபடி வந்து உட்காந்திருக்கும்.

ஆக, உயிர் போனா குடும்பத்துக்குப் பணம் வர வாய்ப்பு இருக்கு. உயிரோட இருந்து வீட்டை விட்டு வெளியேறினா, பாலிசி வழியா ஒரு ரூபாய் வராது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏன் ஓடுது?

இன்ஷூரன்ஸ்ங்கறது ஊர் சீட்டு மாதிரி. ஆயிரம் பேர் பணம் போடுவாங்க, அஞ்சு பேருக்கு அடி விழும். அந்த அஞ்சு பேருக்கு ஆயிரம் பேரோட பணம் போகும். இது வேலை செய்யணும்னா ஒரே ஒரு நிபந்தனை: ஆயிரம் பேருக்கும் ஒரே நாள்ல அடி விழக் கூடாது.

அணு விபத்துல அதுதான் நடக்கும். ஒரே நாள்ல ஒரு வட்டத்துக்குள்ள இருக்கற வீடு, வயல், கடை, வண்டி எல்லாத்துக்கும் அடி. எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வரும்னு கணக்குப் போடவும் போதுமான பழைய விபத்துகள் இல்ல. எண்ணிக்கை கம்மி, அடி ரொம்பப் பெருசு. இப்படிப்பட்ட ரிஸ்க்குக்கு பிரீமியம் போடவே முடியாதுன்னு கம்பெனிகள் விலகிடுது.

இது இந்தியாவுல மட்டும் இல்ல. அமெரிக்காவுல 1957-லயே 'பிரைஸ்-ஆண்டர்சன் சட்டம்' வந்தது. அணு உலை நடத்துறவங்களோட பொறுப்புக்கு ஒரு உச்சவரம்பு வச்சாங்க. அந்த வரம்பு இல்லன்னா தனியார் யாரும் உலை கட்ட முன்வர மாட்டாங்கங்கற நிலைமை.

சரி, அப்போ யார் பணம் தருவாங்க?

இந்தியாவுல 2010-ல அணுசக்தி சேதத்துக்கான சிவில் பொறுப்புச் சட்டம் வந்தது. அதன்படி பெரிய உலையை நடத்துற நிறுவனத்தோட பொறுப்பு அதிகபட்சம் 1,500 கோடி ரூபாய். அதைத் தாண்டினா அரசு தரும். மொத்த வரம்பு 30 கோடி எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர்.ங்கறது சர்வதேச நிதியத்தோட கணக்கு அலகு. ரூபாய்ல சொன்னா சுமார் 3,500 கோடி. சர்வதேச ஒப்பந்தம் வழியா இதுக்கு மேல கொஞ்சம் வரலாம். நிறுவனத்தோட 1,500 கோடிக்கு காப்பீடு கொடுக்க 2015-ல ஜி.ஐ.சி. ரீ தலைமையில பல கம்பெனிகள் சேர்ந்து ஒரு 'பூல்' ஆரம்பிச்சாங்க. தனியா ஒரு கம்பெனியால தாங்க முடியாதுங்கறதுக்கு இதுவே அத்தாட்சி.

2025 டிசம்பர்ல பார்லிமென்ட்ல 'சாந்தி' சட்டம் பாஸ் ஆச்சு. பழைய 2010 சட்டத்தோட இடத்துக்கு அது வந்தது. அணுமின் துறையில தனியார் கம்பெனிகளும் வரலாம்னு கதவைத் திறந்தது. நடத்துறவங்களோட பொறுப்பு உலையோட அளவைப் பொறுத்து 100 கோடியில இருந்து 3,000 கோடி வரை படிப்படியா இருக்கும்.

3,000 கோடி பெரிய தொகைதானே? இப்ப எதிர்ப்பக்கத்துல ஒரு எண்ணை வைப்போம். ஃபுகுஷிமா விபத்துக்கான நஷ்டஈடு, சுத்தம் செய்யறது, உலையைக் கழட்டறது எல்லாம் சேர்த்து ஜப்பான் அரசோட மதிப்பீடு 2023 கடைசியில 23.4 லட்சம் கோடி யென். நம்ம ரூபாய்ல தோராயமா 13 லட்சம் கோடி.

ஃபுகுஷிமா அளவுக்கு ஒரு நஷ்டம் இங்க வந்தா, நம்ம 3,500 கோடி வரம்பு அதுல எவ்வளவு? 100 ரூபாய் நஷ்டத்துக்கு 30 பைசாவுக்கும் கீழ. மிச்சம் 99 ரூபாய் 70 பைசா? வரி கட்டுறவங்க, இல்லன்னா பாதிக்கப்பட்டவங்க. சம்பளம் வாங்கி டி.டி.எஸ். கட்டுற நீங்க ரெண்டு பட்டியல்லயும் இருக்கலாம்.

ஃபுகுஷிமாவுல ஒரு சம்பளக்காரருக்கு என்ன ஆச்சு?

2011 மார்ச் 11. நிலநடுக்கம், அப்புறம் சுனாமி. ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்துல மின்சாரம் போய், உலைகளைக் குளிர வைக்க முடியாம மூணு உலை உருகிடுச்சு. 1.6 லட்சம் பேருக்கு மேல வீட்டை விட்டு வெளியேறினாங்க.

வெளியேற்றப்பட்ட பகுதி மக்களுக்கு மன வேதனைக்காக ஆளுக்கு மாசம் 1 லட்சம் யென் நஷ்டஈடு கொடுத்தாங்க. வீட்டுக்கும் நிலத்துக்கும் தனியாக் கொடுத்தாங்க. ஆனா இதெல்லாம் விண்ணப்பம், ஆதாரம், பேச்சுவார்த்தைன்னு நீண்டுக்கிட்டே போச்சு. பேங்க் இ.எம்.ஐ. மட்டும் அதுக்காகக் காத்திருக்காது இல்லையா? போக முடியாத பழைய வீட்டுக்கு ஒரு லோன், குடியிருக்கப் புது வீட்டுக்கு இன்னொரு லோன். ஜப்பான்ல இதுக்கு 'இரட்டைக் கடன் பிரச்சினை'ன்னே பேர் வந்தது. சுனாமியில வீடு போனவங்களுக்கும் இதே நிலைமை. அதே வருஷம் ஆகஸ்ட்ல தனிநபர் கடனைக் குறைக்க தனியா வழிகாட்டு விதிகள் கொண்டு வர வேண்டியதாப் போச்சு.

இங்க ஒரு கணக்கைப் பாருங்க. ஃபுகுஷிமாவுல, செர்னோபில்ல மண்ணுல தங்கின முக்கியமான பொருள் சீசியம்-137. அதோட அரை ஆயுள் சுமார் 30 வருஷம். உங்க ஹோம் லோன் 20 வருஷம். நீங்க கடைசி இ.எம்.ஐ. கட்டி முடிக்கும்போதும் அந்த சீசியம் தானாக் குறைஞ்சு பாதிக்கு வந்திருக்காது. மேல்மண்ணை வழிச்சு எடுத்துட்டுப் போனாத்தான் சீக்கிரம் குறையும். ஜப்பான் அதைத்தான் செஞ்சது. செலவு ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

140 கி.மீ. தூரம் போதுமா?

'சரி, ஃபிளாட் போனா போகுது, ஊர்ல வீடு இருக்கே'ன்னு தோணும். நியாயமான கேள்வி. தூரம் கண்டிப்பா உதவும். ஆனா தூரத்தை விட முக்கியமானது ரெண்டு: காத்து எந்தப் பக்கம் அடிச்சது, மழை எங்க பெஞ்சது.

இந்தியாவுல அணுமின் நிலையத்தைச் சுத்தி 16 கி.மீ. வரை அவசரகாலத் திட்டம் போடறது வழக்கம். ஜப்பான்ல முதல்ல 20 கி.மீ. வட்டத்துக்குள்ள இருந்தவங்களை வெளியேத்தினாங்க. ஆனா வடமேற்குல சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கற இட்டாட்டேங்கற மலை கிராமத்து மேல காத்தும் மழையும் பனியும் சேர்ந்து கதிரியக்கத்தைக் கொண்டு வந்து இறக்கிடுச்சு. மாட்டிறைச்சிக்குப் பேர் போன ஊர். ஒரு மாசத்துக்கு மேல ஆனதுக்கு அப்புறம்தான் ஊரையே காலி பண்ணச் சொன்னாங்க. பெரும்பாலான பகுதிக்கு அந்த உத்தரவை விலக்கினது 2017 மார்ச் கடைசியில. ஆறு வருஷம்.

இதை விட ஆச்சரியமான கணக்கு இங்கிலாந்து பக்கத்துல இருக்கு. 1986 ஏப்ரல் 26, செர்னோபில் வெடிச்சது. அங்கிருந்து 2,000 கி.மீ.க்கு மேல தள்ளி இருக்கற வேல்ஸ் மலைகள்ல, மேகம் கடந்து போன நேரத்துல நல்ல மழை. சீசியம் மண்ணுல இறங்கிச்சு. அந்த மலை மண்ணோட தன்மையால சீசியம் மண்ணோட ஒட்டாம புல்லுக்கு ஏறிச்சு. புல்லுல இருந்து ஆட்டுக்கு. பிரிட்டன்ல ஆயிரக்கணக்கான பண்ணைகள்ல ஆட்டை விக்கவும் நகர்த்தவும் கட்டுப்பாடு போட்டாங்க. கடைசி பண்ணைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு நீங்கினது 2012-ல. 26 வருஷம்!

ஜவ்வாது மலைக்கு இப்படி ஆகும்னு நான் சொல்லல. மண்ணும் வேற, மழையும் வேற. ஆனா மலைவாழ் மக்களோட வருமானம் எதுல இருக்குன்னு யோசிங்க. தேன், புளி, சாமை, ஆடு. எல்லாமே மழையும் மண்ணும் தர்ற பொருள். மாசு அளவு வரம்புக்குக் கீழ இருந்தாலும், 'அந்த ஊர்த் தேனா, வேண்டாம்'னு சந்தை சொல்லிட்டா முடிஞ்சது. ஃபுகுஷிமா விவசாயிகள் 2012-ல இருந்து அரிசி மூட்டை ஒவ்வொண்ணையும் பரிசோதிச்சு அனுப்பியும், விலை பழைய நிலைக்கு வரப் பல வருஷம் ஆச்சு. பேர் கெட்டுப் போனதுக்குத் தனியா ஒரு நஷ்டம் உண்டு. அதுக்கும் பாலிசி கிடையாது.

இப்ப தராசோட இன்னொரு தட்டு

நேர்மையாப் பேசணும்னா இதையும் சொல்லியாகணும்.

2004 டிசம்பர் 26 சுனாமி அன்னைக்கு கல்பாக்கத்துல இரண்டாவது உலை ஓடிக்கிட்டிருந்தது. கடல் தண்ணி பம்ப் ஹவுஸுக்குள்ள வந்துச்சு. உலை பத்திரமா நிறுத்தப்பட்டது, கதிரியக்கக் கசிவு இல்ல. குடியிருப்புல உயிரிழப்பு நடந்தது. ஆனா அது கடல் கொண்டு போனது, உலையால இல்ல.

இன்னொண்ணு, உற்பத்தி ஆகற ஒவ்வொரு யூனிட்டுக்கும் கணக்குப் போட்டா, நிலக்கரிப் புகையால போற உயிர் அணுமின்சாரத்தால போறதை விட பல மடங்கு அதிகம். அணுமின்சாரம் ராத்திரியிலயும் வரும், கார்பனும் ரொம்பக் கம்மி. அதனாலதான் ஜப்பானே 2015-ல இருந்து உலைகளை ஒண்ணொண்ணாத் திரும்ப ஓட விட்டது. ஜெர்மனி மட்டும் 2023 ஏப்ரல் 15-ல கடைசி மூணு உலையையும் மூடிடுச்சு. நம்ம அரசு 2047-க்குள்ள 100 கிகாவாட் அணுமின்சாரம்னு இலக்கு வச்சிருக்கு.

அதனால இது 'அணு கெட்டது, சோலார் நல்லது' கட்டுரை இல்ல. கேள்வி ஒண்ணுதான்: நஷ்டம் வந்தா அது எவ்வளவு பெருசா வரும், யார் தலையில விழும்?

சோலாரும் காத்தாடியும் இந்தக் கேள்விக்கு வேற பதில் சொல்லுது. முப்பந்தல்ல ஒரு காத்தாடி உடைஞ்சா அந்த ஒரு காத்தாடி போச்சு. கமுதியில 648 மெகாவாட் சோலார் பண்ணையில பேனல் எரிஞ்சா அந்த வரிசை போச்சு. பக்கத்து ஊரைக் காலி பண்ண வேண்டியதில்ல. நஷ்டம் சின்னச் சின்னத் துண்டா, தனித்தனியா வரும். சீட்டு நடத்தறவருக்குப் பிடிச்ச ரிஸ்க் இதுதான். அதனாலதான் முன்ன சொன்ன அதே பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில, கட்டடம்ங்கற வரையறைக்குள்ளயே சோலார் பேனலும் வருது. ஒரே பாலிசி. ஒரு மின்சாரத்தை விலக்குப் பட்டியல்ல வைக்குது, இன்னொண்ணை வீட்டோட ஒரு பகுதியா எடுத்துக்குது.

விலையும் மாறிடுச்சு. 2010-ல நடந்த தேசிய சோலார் திட்டத்தோட முதல் ஏலத்துல ஒரு யூனிட் 11, 12 ரூபாய். 2020 டிசம்பர்ல குஜராத் ஏலத்துல 1 ரூபாய் 99 பைசா வரைக்கும் இறங்கிச்சு. ஃபுகுஷிமா மாகாணமே 2040-க்குள்ள தன்னோட மொத்த எரிசக்தித் தேவையையும் புதுப்பிக்கத்தக்க வழியிலயே எடுக்கறதா இலக்கு வச்சிருக்கு. விவசாயம் பண்ண முடியாமப் போன நிலத்துல இப்ப பேனல் நிக்குது.

ஜவ்வாது மலை வீட்டுக்கு சோலார் போடலாமா? கணக்குப் போடுவோம்

பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில வந்தது. மானியம்: 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய். நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட்னா ரெண்டு மாசத்துக்கு சுமார் 720 யூனிட்.

கொட்டேஷன் 1,90,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. மானியம் போக உங்க கையில இருந்து 1,12,000.

* ஓ.எம்.ஆர்.ல தனி வீடு, ரெண்டு ஏசி: ரெண்டு மாசத்துக்கு 3,500 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 21,000. போட்ட பணம் 5 வருஷம் 4 மாசத்துல திரும்பும். பேனலோட ஆயுள் 25 வருஷம். தாராளமா லாபம்.
* போளூர்ல, திருப்பத்தூர்ல நடுத்தர வீடு: ரெண்டு மாசத்துக்கு 2,500 மிச்சம். வருஷத்துக்கு 15,000. ஏழரை வருஷம். பரவாயில்ல.
* மலையில அம்மா அப்பா மட்டும் இருக்கற வீடு: நாலு லைட்டு, ரெண்டு ஃபேன், ஒரு டி.வி. தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பில்லே வராது, இல்லன்னா ரொம்பக் கம்மி. மிச்சமாகறதுக்கு எதுவும் இல்ல. இங்க 3 கிலோவாட் போட்டா 1,12,000 சும்மா கூரையில உட்காந்திருக்கும்.

'ஆனா மலையில மழை காத்துன்னா கரண்ட் போயிடுதே, அதுக்காகப் போடலாமே'ன்னு கேப்பீங்க. இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. மானியம் கிடைக்கறது கிரிட்டோட இணைச்ச சிஸ்டத்துக்கு. லைன்ல கரண்ட் போனா அந்த இன்வெர்ட்டரும் தானா நின்னுடும். லைன்ல வேலை செய்யற ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. கரண்ட் போகும்போதும் லைட் எரியணும்னா பேட்டரி வேணும், அதுக்குத் தனிச் செலவு.

அதனால மலை வீட்டுக்கு, ஒரு சின்ன பேனல், ஒரு பேட்டரி, நாலு எல்.இ.டி. பல்பு, ஒரு ஃபேன், போன் சார்ஜ் போட ஒரு பாயின்ட். அவ்வளவு போதும். இதை முதலீடுன்னு நினைக்காதீங்க, வசதின்னு நினைங்க. வீட்டை ஹோம்ஸ்டேயா மாத்தி, ஃபிரிட்ஜ், கீசர்னு பில் ஏறுற நிலைமை வந்தா அப்ப பெரிய கணக்கைப் போடுங்க.

ஓ.எம்.ஆர். ஃபிளாட்காரங்களுக்கு: மொட்டை மாடி உங்க தனிச் சொத்து இல்ல. ஆனா அசோசியேஷன் மூலமா லிஃப்ட், மோட்டார், பொது லைட்டுக்கு சோலார் போட்டா கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. அடுத்த மீட்டிங்ல இதைக் கிளப்புங்க. மாச மெயின்டெனன்ஸ் குறைய வழி இருக்கு.

ஷேர் வாங்கலாமா ப்ரோ?

இந்தக் கேள்வி வராம இருக்காது. ரெண்டு கதை சொல்றேன், ரெண்டும் நடந்தது.

ஒண்ணு, டெப்கோ. ஃபுகுஷிமா நிலையத்தோட கம்பெனி. ஜப்பான்ல ரிட்டயர் ஆனவங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கி வச்ச ஷேர். கரண்ட் கம்பெனி, டிவிடெண்ட் தவறாம வரும்னு நம்பிக்கை. விபத்துக்கு முன்னாடி 2,000 யென்னுக்கு மேல. அதே வருஷம் ஜூன்ல 200 யென்னுக்கும் கீழ. 2012-ல அரசே பாதிக்கு மேல பங்கை எடுத்துக்க வேண்டியதாப் போச்சு. டிவிடெண்ட் நின்னே போச்சு.

ரெண்டு, சுஸ்லான். காத்தாடி கம்பெனி, சுத்தமான மின்சாரம், எதிர்காலம் இதுதான்னு எல்லாரும் சொன்னாங்க. எதிர்காலம் வந்தது உண்மை. ஆனா 2008 ஜனவரியில 400 ரூபாய்க்கு மேல போன ஷேர், கடன் சுமையில 2020-ல 2 ரூபாய்க்கும் கீழ வந்தது. அப்புறம் ஏறிச்சு, அது வேற. 2008-ல வாங்கினவருக்கு அதனால ஆறுதல் கிடைச்சிருக்காது.

முதல் கதையில விபத்து அடிச்சது. ரெண்டாவது கதையில பேலன்ஸ் ஷீட் அடிச்சது. துறை நல்லதா இருக்கறது வேற, கம்பெனி நல்லதா இருக்கறது வேற, நீங்க வாங்கற விலை நல்லதா இருக்கறது வேற. 'சாந்தி' சட்டம் வந்துடுச்சு, நியூக்ளியர் தீம் வாங்குன்னு யாராவது டெலிகிராம்ல சொன்னா, 'க்ரீன் எனர்ஜி தீம்' வாங்குன்னு சொன்னாலும், இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க. மொத்த மார்க்கெட்டையும் வாங்கற இண்டெக்ஸ் ஃபண்ட்ல எரிசக்திக் கம்பெனிகளும் இருக்கு. உங்க பங்கு அதுல ஏற்கெனவே இருக்கு. அதுக்கு மேல தனி தீம் வேணும்னா மொத்த முதலீட்டுல 5 சதவீதத்தைத் தாண்டாதீங்க.

இந்த வாரக் கடைசியில செய்ய வேண்டியது

1. எல்லா பாலிசியிலயும் எக்ஸ்க்ளூஷன் பக்கத்தை ஒரு தடவை படிங்க. நியூக்ளியர் விலக்கை உங்களால மாத்த முடியாது. ஆனா அதே பக்கத்துல நீங்க எதிர்பார்க்காத வேற ரெண்டு மூணு விலக்கும் இருக்கும். அதுக்கு வழி பண்ண முடியும்.

2. உங்க வீடு, வேலை, தங்க லாக்கர், பத்திரம் எல்லாம் ஒரே 30 கி.மீ.க்குள்ள இருக்கான்னு பாருங்க. அணு விபத்தை விடுங்க, 2015 வெள்ளத்துக்கே இந்தக் கேள்வி பொருந்தும். ஒரிஜினல் பத்திரத்தோட ஸ்கேன் காப்பி டிஜிலாக்கர்லயோ வேற எங்கேயாவதோ இருக்கட்டும்.

3. எமர்ஜென்ஸி ஃபண்டுல 6 மாசச் செலவு வைக்கும்போது இ.எம்.ஐ.யையும் சேர்த்து வைங்க. வீட்டுல இருக்க முடியாமப் போனா வாடகையும் இ.எம்.ஐ.யும் ஒரே மாசத்துல கட்டணும். ஜப்பான் மக்கள் பட்டது இதுதான்.

4. ஹோம் லோனுக்கு ஈடா டேர்ம் கவர் இருக்கான்னு பாருங்க. 48 லட்சம் லோனுக்கு 25 லட்சம் கவர்னா மிச்சம் 23 லட்சம் குடும்பத்து தலையில.

5. சோலார் போடறதுக்கு முன்னாடி கடைசி ஆறு பில்லை எடுத்து வச்சு கணக்குப் போடுங்க. அஞ்சுல இருந்து எட்டு வருஷத்துக்குள்ள பணம் திரும்பலன்னா விட்டுடுங்க. போட்டுட்டா வீட்டு பாலிசியில இன்ஷூர் பண்ற தொகையை அதுக்கேத்த மாதிரி ஏத்திக்கோங்க.

கடைசியா ஒண்ணு. உலை வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது நீங்களும் நானும் தனியா உட்காந்து செய்யற வேலை இல்ல, அது ஓட்டும் விவாதமும் சேர்ந்த விஷயம். ஆனா அந்த விவாதத்துல யாராவது 'செலவு கம்மி'ன்னு சொன்னா, 'விபத்துச் செலவையும் சேர்த்தா?'ன்னு கேளுங்க. 'ரிஸ்க்கே இல்ல'ன்னு சொன்னா, 'அப்ப பாலிசியில அந்த வரியை எடுத்துடலாமே?'ன்னு கேளுங்க.

வீடியோவுல இந்த சோலார் கணக்கை ஸ்டெப் பை ஸ்டெப்பாப் போட்டுக் காமிச்சிருக்கேன். உங்க பில்லைக் கையில வச்சுக்கிட்டுப் பாருங்க. இது தகவலுக்காக மட்டும்தான், எந்த ஷேரையும் ஃபண்டையும் வாங்கச் சொல்ற பரிந்துரை இல்ல.